சிமெண்டு முற்றத்தில் மண் தேடிய கோழி

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. வரி கோணும். சொன்னதையே திரும்பச் சொல்வேன். பல பெயர்கள் மறந்துவிட்டன; மறக்காத பெயர்களை எழுதவும் கூச்சமாக இருக்கிறது. அதனால் அம்மா, அப்பா, அண்ணன், மதினி என்றே எழுதுகிறேன். என் வயசுக்காரர்களுக்கு அது போதும். இவர்கள் இல்லாத வீட்டில் நம்மில் யார் வளர்ந்தோம்?

போன மாசம் எதிர்வீட்டு மொட்டை மாடியில் வளர்க்கிற கோழிகளுக்குச் செள்ளு விழுந்துவிட்டது என்று ஏதோ மருந்து அடித்தார்கள். அந்த நெடி என் அறை வரைக்கும் வந்தது. செள்ளு என்றால் கோழிப்பேன். கடுகை உடைத்தால் ஒரு துணுக்கு வருமே, அந்த அளவுதான் இருக்கும். இறகுக்கு அடியில் கூடும், கூடையில் கூடும், மனுசர் மேலும் ஏறும். நான் எட்டிப் பார்த்தேன். அந்த மாடி முழுக்க வழவழவென்று ஓடு பதித்திருந்தது. ஒரு கைப்பிடி மண் கிடையாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு முற்றம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கம். கொஞ்சம் கரிசல் காடு உண்டு. வானம் பார்த்த காடு, வானம் எங்களைப் பார்க்கவில்லை. ஐம்பதுகள் முடிந்து அறுபது பிறந்த சமயம் என்று நினைக்கிறேன். அப்பா தீப்பெட்டி ஆபீசிலிருந்து, தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம், பெட்டி ஒட்டுகிற வேலையை எடுத்து ஊருக்குள் விட ஆரம்பித்தார். மெல்லிசான மரச் சில்லை மடக்கி, ஊதாத் தாளைச் சுற்றி, பசை தடவி ஒட்ட வேண்டும். ஒட்டிய பெட்டிகளை எங்கள் முற்றத்தில்தான் காயப்போடுவார்கள். பசையைப் பூச்சி தின்னாமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அந்த நீலக் கல் விழுந்து பசை நீலம் பாரித்திருக்கும், புளித்த கஞ்சி வாசனை முற்றம் முழுக்க நிற்கும். விரலை வாயில் வைத்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள்.

முற்றத்தில் ஒரு ஓரம் முருங்கை மரம். அதன் அடியில் கோழிகள் குழி பறித்து வைத்திருந்தன. மத்தியான வெயிலில் ஒவ்வொன்றும் தன் குழியில் சரிந்து படுத்து, காலால் மண்ணை வாரி முதுகில் போட்டு, இறகைச் சிலிர்த்து, அந்த மண் தோல் வரைக்கும் இறங்குகிற மாதிரி உலுப்பும். பிறகு செத்தது போல் கண்ணை மூடிக் கிடக்கும். எழுந்து ஒரு உதறு உதறினால் புகை மாதிரி புழுதி கிளம்பும். அந்தப் புழுதி போய் ஈரப் பெட்டிகளில் ஒட்டியது. ஆபீசில் பெட்டிகளைக் கழித்துவிட்டார்கள்.

அப்பா கோபக்காரர் இல்லை. ஆனால் முடிவு எடுத்துவிட்டால் எடுத்ததுதான். சாத்தூரிலிருந்து கொத்தனாரை வரவழைத்து முற்றம் முழுக்கச் சிமெண்டு போட்டார். முருங்கை மரம் போனது. தளம் காயும் முன் கொத்தனார் நூல் பிடித்துக் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்தார். ஊரில் முதல் சிமெண்டு முற்றம் எங்களுடையது. பார்க்க வருகிறவர்கள் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அப்பா அதில் வெறுங்காலோடு நடப்பதை நானும் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குள் நடக்கிற நடை. பின்வாசலை அடைத்துச் சில்லுக் கட்டுகளை அடுக்கினார்கள். கோழிகளை எல்லாம் சந்தைக்கு அனுப்பினார்கள்.

ஒரு கோழி மட்டும் மிஞ்சியது. அது மதினியின் கோழி.

மதினிக்குத் தாய்வீடு மல்லாங்கிணறு பக்கம். தலைப்பிள்ளையை அங்கே பெற்று, ஐந்தாம் மாசம் கைப்பிள்ளையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது, சீரோடு ஒரு செவலைக் கோழியையும் கொடுத்து அனுப்பினார்கள். மருமகள் கொண்டுவந்ததைச் சந்தைக்கு அனுப்ப முடியாது. மதினி அதிகம் பேசமாட்டாள். என்னைத் தாயி என்பாள். கோழியிடம் மட்டும் நிறையப் பேசுவாள். அந்தக் கோழி அடைக்குப் படுத்தது. ஓலைக்கூடையில் வைக்கோல் போட்டு, அக்கம்பக்கத்தில் வாங்கிய முட்டை வைத்து, மதினி படுக்கிற அறையின் மூலையில் வைத்தார்கள். அதற்கு வேறு இடம் வீட்டில் இல்லை.

கொஞ்ச நாளில் பிள்ளையின் கழுத்திலும் கக்கத்திலும் சிவப்புச் சிவப்பாகப் பொரி மாதிரி கிளம்பியது.

அந்தக் காலத்தில் பிள்ளை மேல் சிவப்பாக ஒன்று தெரிந்தால் நம் வீடுகளில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மை என்ற சொல்லைக்கூட வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அம்மா பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள், கீழே படுக்கவைத்தாள், வாசலில் வேப்பிலை சொருகினாள். மணல்வாரி, அதாவது தட்டம்மை, என்று முடிவாகிவிட்டது. காய்ச்சல் இல்லையே என்று மதினி மெல்லக் கேட்டாள். காய்ச்சல் உள்ளே நிற்கிறது என்றாள் அம்மா.

தாளிப்பு நின்றது. எண்ணெய் நின்றது. குளிப்பாட்டு நின்றது. வெளியாள் யாரும் வரக்கூடாது என்பதால் பெட்டி ஒட்டுகிற பெண்களும் வரவில்லை. அண்ணன் அந்த அறைப் பக்கம் போகக்கூடாது. நான் வாசல் வரைக்கும் போய்க் கூழை வைத்துவிட்டு வரலாம். அறையில் ஜன்னலும் சாத்தியிருக்கும். வேப்பிலை, மஞ்சள், கோழிக்கூடை மூன்றும் கலந்து ஒரு கனத்த வாசனை.

இனி எழுதுவதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஆற்றங்கரை மாரியம்மனுக்கு ஒரு கோழி நேர்ந்தாள். வீட்டில் இருந்தது ஒரே கோழி. அதன் தலையில் மஞ்சள் நீர் தெளித்து, காலில் மஞ்சள் துணி கட்டினாள். நேர்ந்துவிட்ட கோழியை விரட்டக்கூடாது, வையக்கூடாது, கண்ட இடத்தில் வைக்கக்கூடாது. அதனால் மூலையில் இருந்த கூடையை எடுத்துத் தொட்டிலுக்கு நேர் கீழே வைத்தாள். ஆத்தா பார்வையில் பிள்ளையும் கோழியும் சேர்ந்து இருக்கட்டும் என்று. கோழிக்கு இரையும் தண்ணீரும் உள்ளேயே போயிற்று. கதவைத் திறந்து விடுவதில்லை. மதினி கோழிக்கு என்று ஒரு சட்டியில் அடுப்புச் சாம்பல் கேட்டாள். அம்மன் இருக்கிற அறையில் அடுப்புச் சாம்பலா என்று அம்மா தள்ளிவிட்டாள்.

பிள்ளைக்குப் பழைய பொரி மறைந்தது. புதுப் பொரி கிளம்பியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாவை அனுப்ப வேண்டும் என்றால் பொரி எல்லாம் வாட வேண்டும். அது வாடவே இல்லை. பொழுது அடையும்போது பிள்ளை அழ ஆரம்பித்தால் விடிகிற வரை அழுகைதான். பால் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் மாரில் வாயை வைத்தபடி தூங்கிப்போகும். கன்னம் ஒட்டிவிட்டது. இந்தப் பிள்ளை தங்குமா என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசியது என் காதில் விழுந்தது. மதினியின் காதிலும் விழுந்திருக்கும். ஒரு சுவர்தானே நடுவில்.

ஒரு மத்தியானம் அம்மா கூழோடு கதவைத் திறந்தாள். அப்பாவும் அண்ணனும் சாத்தூர் போயிருந்தார்கள். அம்மாவின் கால் இடுக்கில் புகுந்து கோழி வெளியே ஓடிவந்துவிட்டது. முற்றத்துச் சிமெண்டு அடுப்புக்கல் மாதிரிக் காய்ந்து கிடந்தது. கோழி நடுமுற்றத்தில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தது. அலகால் தளத்தைக் கொத்தியது. காலால் பிறாண்டியது. நகம் வழுக்குகிற சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. பிறகு அந்த வெறும் சிமெண்டிலேயே சரிந்து படுத்தது. ஒரு இறக்கையை விரித்து அடித்தது, காலை உதைத்தது, கழுத்தைத் தரையில் வைத்துத் தேய்த்தது, உடம்பு முழுக்கக் குலுங்கியது. இல்லாத மண்ணை வாரி வாரி முதுகில் போட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் பால் பொங்காது.

"நேந்துவிட்ட கோழில்ல," என்றாள். "ஆத்தா அது மேல இறங்கிட்டா. என்ன கொறன்னு கேளு."

அம்மா கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள். உள்ளே போய் மஞ்சள் நீரும் சூடமும் கொண்டுவந்தாள். சிமெண்டில் முழங்காலிட்டு அந்தக் கோழிக்கு முன்னால் கையைக் குவித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. நானும் கும்பிட்டேன்.

"என்ன கொற வச்சோம்னு சொல்லு தாயே," என்று அம்மா அழுதாள். "பச்சப்பிள்ளய விட்ரு."

கோழி இன்னொரு பக்கம் சரிந்து மறுபடி உலுப்பியது.

அப்போதுதான் மதினியின் குரல் கேட்டது. அறை வாசலுக்கு உள்ளேயே நின்றிருந்தாள். அவள் வாசலைத் தாண்டக்கூடாது.

"அத்தே, அது சாமியாடல. மண்ணு தேடுது."

"வாய மூடு. ஆத்தா நிக்கிற வீட்ல பேசுற பேச்சா இது?"

"அடைக்கோழி அத்தே. ஒரு நேரம் எந்திரிச்சு மண்ணுல பொரண்டாத்தான் மேல கெடக்குற செள்ளு உதிரும். இங்கன எங்க இருக்கு மண்ணு? நாமதான் பூசிட்டோமே."

பெரியம்மா மதிலில் இருந்து, மல்லாங்கிணத்துக்காரிக்குக் கோழி பாஷை எல்லாம் தெரியுமோ என்றாள். மதினி அந்தப் பக்கம் திரும்பாமல், "ப்பா, ப்பா" என்று கோழியைக் கூப்பிட்டாள். அது எழுந்து அவளிடம் போயிற்று. அவள் உட்கார்ந்து, இறக்கையைத் தூக்கி, இறகை ஊதிப் பிரித்துப் பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டில் ஏறியதைப் பார்த்தாள். கோழியை விட்டுவிட்டு உள்ளே போனாள். பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, தொட்டில் சேலையின் முடிச்சை அவிழ்த்து வாசல்படி வெளிச்சத்தில் கொண்டுவந்து விரித்தாள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். மடிப்புக்குள்ளே சிவப்பும் சாம்பலுமாய்ப் பொடிப்பொடியாக ஊர்ந்துகொண்டிருந்தது. சூரியன் பட்டதும் கலைந்து ஓடியது.

அம்மாவும் பார்த்தாள். பார்த்துவிட்டு, செள்ளும் இருக்கும், ஆத்தாவும் இருப்பாள் என்றாள். இன்றைக்கு நினைத்தால் அந்த வார்த்தையில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவோடு பிறந்த இரண்டு பேர் சின்ன வயசில் அம்மையில் போனவர்கள். அவள் தங்கைக்கு ஒரு கண்ணில் பூ விழுந்தது அம்மையில்தான். அதையெல்லாம் பார்த்தவளுக்கு ஒரு துணியில் நாலு செள்ளைக் காட்டினால் எப்படிப் போதும்?

மதினி உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீர் ஊற்றாமல் அம்மை கண்ட பிள்ளையை வாசல் தாண்டித் தூக்கிப்போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அம்மா வாசல் நிலையில் கையை வைத்து மறித்தாள்.

"கண்ணு போச்சுன்னா என்ன செய்வ?"

"போனா ஆயுசுக்கும் நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுத் திரியுதேன். இந்த ரூமுக்குள்ள வச்சு அது வத்திப்போறதப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. வழிய விடுங்க அத்தே."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அம்மாவிடம் அம்புட்டுப் பேசி நான் கேட்டதில்லை. குரல் உயரவில்லை.   யாரும் நகரவில்லை. அப்போது மதினி ஒரு காரியம் செய்தாள். நிலையில் சொருகியிருந்த வேப்பிலையில் ஒரு கொத்தை உருவி, பிள்ளையின் அரைஞாணில் சொருகினாள். அதைப் பார்த்ததும் அம்மாவின் கை நிலையிலிருந்து தானாக இறங்கியது.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் எங்கள் மாட்டுக் கொட்டகை. காடு பொய்த்தபின் ஒரு மாடுதான் அங்கே கட்டிக்கிடந்தது. மதினி அங்கே புதுத்துணியில் தொட்டில் கட்டினாள். பழைய சேலையை வெந்நீரில் போட்டாள். கூடையும் வைக்கோலும் தெருவோரம் எரிந்தன. முட்டைகளைத் துடைத்து ஒரு மண்சட்டியில் வைத்தாள். அதில் பாதி கூமுட்டையாகிவிட்டது, பாதி பிறகு பொரித்தது. கோழியைக் கொட்டகை மூலையில் விட்டாள். அங்கே மாட்டின் குளம்பு மிதித்து மிதித்து மாவு மாதிரிப் புழுதி. கோழி அதில் விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பொழுது சாயும் வரை அது எழுந்திருக்கவில்லை. அதன் செவலை நிறமே தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு உயிருக்கு இவ்வளவு சந்தோசம் மண்ணில் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் அம்மா தெருவைத் தாண்டி வந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் துணியை விலக்கி, கழுத்து மடிப்பு, கக்கம், தொடை இடுக்கு என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். புதுசாக ஒன்றும் இல்லை. துணியை மூடிவிட்டுப் போனாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். பிறகு ஒரு காலையில் ஒரு பானைத் தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்தாள். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றி முடித்ததும், "ஆத்தா மலையேறிட்டா" என்றாள்.

"ஆமா அத்தே" என்றாள் மதினி.

அந்த விசயம் எங்கள் வீட்டில் அதோடு முடிந்தது. யார் சொன்னது சரி என்று இரண்டு பேரும் பிறகு ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

அண்ணன், ஆபீசிலிருந்து கந்தகத் தூள் கொஞ்சம் கொண்டுவருகிறேன், கோழி மேல் தூவினால் செள்ளு அண்டாது என்றான். அது உண்மைதான் என்று பிறகு பலர் சொன்னார்கள். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்பங்கரையில் நுழைகிற கோழி மேல் வெடி மருந்துச் சாமானா, தீபாவளிக்கு முன்னாலேயே அது வெடித்துவிடும் என்றாள். அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அப்பாவிடம் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் அதே கொத்தனார் வந்தார். மதில் ஓரமாக ஒரு கட்டத்தை மட்டும் உளியால் கொத்தி எடுத்தார். கேட்டவர்களிடம் எல்லாம் அப்பா, மழைத் தண்ணீர் இறங்க ஒரு வழி வேண்டாமா என்றார். மழையே இல்லாத ஊரில் அதை யாரும் மறுத்துக் கேட்கவில்லை. மதினி அந்தக் கட்டத்தில் கரிசலைப் போடவில்லை. அது ஈரம் பட்டால் கட்டி தட்டும். ஓடை மணலைச் சலித்துப் போட்டு, நன்றாக ஆறிய அடுப்புச் சாம்பலைச் சேர்த்து, காய்ந்த வேப்பிலையை நொறுக்கிக் கலந்தாள். மேலே சாய்வாக ஒரு ஓலைத் தட்டி. நனைந்த மண்ணில் கோழி புரளாது என்பாள். புழுதி இப்போது பெட்டிகள் பக்கம் போகவில்லை, தட்டி தடுத்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

நேர்ச்சை பாக்கி இருந்தது. நேர்ந்தது நேர்ந்ததுதான். ஆடி மாசம் வண்டி கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம். மதினி வழி முழுக்கக் கோழியை மடியில் வைத்திருந்தாள். அறுக்கப்போகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அங்கே போனதும் அம்மா, உயிரோடு விட்டுவிடலாம் என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள். அவிழ்த்துவிட்ட கோழி நாலு எட்டு நடந்து, ஆற்று மணலில் சரிந்து படுத்து, குலுங்கிக் குலுங்கிப் புரள ஆரம்பித்தது. அம்மா கும்பிட்டாள். மதினியும் பக்கத்தில் நின்று கும்பிட்டாள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது. அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மதினி சாத்தூரில் அந்த மகன் வீட்டில்தான் இருக்கிறாள். காது மந்தம், நினைவு தெளிவு. நான் இங்கே மகளோடு தூரத்தில் இருக்கிறேன்.

நான் எழுதியதில் பிசகு இருக்கும். மணலில் வேப்பிலை மட்டும் கலந்தாளா, சீத்தாப்பழ விதையும் இடித்துப் போட்டாளா என்பது சந்தேகம். கோழியை விட்டது ஆடியா தையா என்பதும் அப்படித்தான். உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் மதினியிடம் கேட்டுச் சரிபாருங்கள். அப்படியே இன்னொன்றும் கேட்க வேண்டும். இத்தனை வருசத்தில் எனக்கு வாய் வரவில்லை. அந்த மத்தியானம் பிள்ளையோடு வாசலைத் தாண்டும்போது, அது செள்ளுதான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியுமா, தெரியாமலேதான் தாண்டினாளா? காதுக்குக் கிட்டே போய்ச் சத்தமாகக் கேளுங்கள். பக்கத்தில் மகன் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.